நான் பிறழ்சாட்சிதான்

அக்கா,

இன்று காலை சத்தியவேடு பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண் நெற்றியில் தலைவலித் தைலம் தேய்த்தாள். உங்கள் கறுப்புக் கோட்டின் வாசனை. நீங்கள் எங்களை விட்டுப் போய் எட்டு மாதமாகிறது. திருப்பதி நீதிமன்றத்தில் கூண்டருகே நீங்கள் வந்து நின்றபோதும் முதலில் என்னை எட்டியது இதுதான். அன்று நீங்கள் சைலஜாவின் வக்கீல். நான் அவளுக்கு எதிராகப் போலீஸ் கொண்டுவந்த சாட்சி.

திருவாரூரிலிருந்து ஆந்திராவில் இருக்கும் ஸ்ரீ சிட்டிக்குத் தொழிற்சாலை வேலைக்கு வந்து இருபது நாள்கூட ஆகவில்லை. பக்கத்து அறையில் சைலஜா, பத்தொன்பது வயது, டிபன் கடையில் வேலை. ஒரு மதியம் சுவருக்கு அந்தப் பக்கம் போனில் அழுதுகொண்டே கத்தினாள்: "நேனே கொன்னா! நேனே கொன்னா!" அன்று மாலை, எங்களுக்கு அறைகளை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரர் பின்கட்டில் குத்துப்பட்டுச் செத்துக் கிடந்தார். முந்தின நாள்தான் குழாயடியில் அவருக்கும் அவளுக்கும் பெரிய சண்டை. இன்ஸ்பெக்டர் தமிழிலேயே என்னைக் கேட்டார். "நானே கொன்னேன்னு சொன்னா சார்" என்றேன், துளியும் சந்தேகமில்லாமல். அவளைக் கைது செய்தார்கள். தெலுங்கில் எனக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது.

ஐந்து மாதம் கழித்து, கூட வேலை செய்கிறவள் புதுச் செருப்பைக் காட்டி, "நேனே கொன்னா" என்று சிரித்தாள். நானே வாங்கினேன் என்று அர்த்தமாம். ஸ்டேஷனுக்கு ஓடினேன். "எழுதுனது எழுதுனதுதான். மாத்திப் பேசுனா பொய்சாட்சின்னு உன்னயே உள்ள தள்ளிடுவேன்" என்றார் இன்ஸ்பெக்டர். பயந்து திரும்பினேன். அவள் உள்ளே இருக்க, நான் தினமும் வேலைக்குப் போய்வந்தேன்.

கூண்டிலும் முதலில் சொல்லிக்கொடுத்தபடியே ஒப்பித்தேன். கதவருகே இன்ஸ்பெக்டர். பெஞ்சில் நகத்தைக் கடித்துக்கொண்டு சைலஜா. நீங்கள் எழுந்து வந்து ஒரே கேள்விதான் கேட்டீர்கள்.

"அந்தப் பொண்ணு சொன்னத நீ தமிழ்ல சொல்லிட்ட. அது வாயிலேர்ந்து என்னா வந்துச்சோ, அத்த சொல்லு மா."

இன்ஸ்பெக்டர் என்னையே பார்த்தார். நானும் அவரையே பார்த்துக்கொண்டு சொன்னேன்: "நேனே கொன்னா."

டைப் அடித்துக்கொண்டிருந்த அம்மாளின் விரல்கள் நின்றன. நீதிபதி நிமிர்ந்தார்.

"அப்ப எனக்குத் தெலுங்கு தெரியாதுங்க. இப்பத் தெரியும். அவ எதையோ வாங்குனேன்னுதான் சொல்லியிருக்கா."

அரசு வக்கீல் துள்ளி எழுந்து, என்னைப் பிறழ்சாட்சியாக அறிவிக்கச் சொன்னார். அறிவித்தார்கள். நீங்கள் நிதானமாக ஒரு செல்போன் கடை ரசீதை நீட்டினீர்கள். புதுப் போன் எவன் கொடுத்தான் என்று அவள் அம்மா சந்தேகப்பட்டுத் திட்டியதற்குத்தான் அவள் அன்று அப்படிக் கத்தியிருக்கிறாள்.

விடுதலையான அன்று வராந்தாவில் உங்களிடம் வந்தேன். நன்றி சொல்வீர்கள் என்று நினைத்தேன். "நன்றியெல்லாம் சொல்ல மாட்டேன். உன் வாயாலதான் அந்தப் பொண்ணு ஒரு வருசம் உள்ளார அழுதுக்கினு கெடந்துச்சு" என்றீர்கள். கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு, "ஆனா நீ தமிழ்லயே நின்னிருந்தீனா, அந்த ரசீத வெச்சிக்கினு என்னால ஒண்ணும் கிழிச்சிருக்க முடியாது. வா, டீ குடிக்கலாம்" என்றீர்கள்.

வீட்டுக்காரரைக் கொன்றது யார் என்று இன்றுவரை தெரியாது. நான் காசு வாங்கிக்கொண்டு பல்டி அடித்ததாகத் தெருவில் இன்னும் பேசுகிறார்கள். பேசட்டும். சைலஜா பலமனேரில் இருக்கிறாள், என்னோடு பேசுவதில்லை. அவள் பேச வேண்டியதும் இல்லை.

போன வாரம் என்னோடு வேலை செய்யும் ஒடிசாப் பெண் ஒருத்தியை ஏதோ திருட்டு என்று ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். கூடப் போனேன். அவளுக்குப் புரியாத தெலுங்கில் கடகடவென்று எழுதி, கையெழுத்துப் போடச் சொன்னார் எஸ்.ஐ. போடாதே என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ யாரும்மா, வக்கீலா?"

"இல்ல சார். ஒரு கொலைக் கேஸ்ல பிறழ்சாட்சி."

நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் மொழி தெரிந்த ஆள் வந்துசேர மூன்று மணி நேரமாயிற்று. அதுவரை நாங்கள் இருவரும் எழுந்திருக்கவில்லை, அக்கா.