தூணில் தோமாவின் கோடு

என் செல்ல மகள் நாகிசாவுக்கு அம்மா எழுதுவது. என் வலது தோளைத் தவிர இந்த வீட்டில் எல்லாம் நலம். நீ லிஸ்பனில் வேளைக்குச் சாப்பிட்டுக் குளிருக்கு இதமாக உடுத்திக்கொள்கிறாயா? இந்த ஆண்டு பெர்சிமன் பழங்களை உரித்துக் கோத்து, காய்வதற்காக இறவாரத்தில் கட்டியது அப்பாதான். கோணல்மாணலாகத் தொங்குகின்றன, பார்க்கவே எரிச்சலாக இருக்கிறது, ஆனால் எனக்குக் கை மேலே போனால்தானே. ஐம்பதைத் தாண்டினால் எல்லாருக்கும் வருகிற ‘ஐம்பது வயதுத் தோள்’தான் என்கிறார் குசுனோகி. ஆஸ்பத்திரியில் புதிதாக வந்திருக்கும் பிசியோதெரபிஸ்ட், உன்னைவிடச் சின்னவர். நானாகத் தூக்கினாலும் போகவில்லை, அவர் பிடித்துத் தூக்கினாலும் போகவில்லை, மூட்டே இறுகிவிட்டதாம். பக்கத்து வீட்டு ஹமனோ, "அறுபத்தி மூணுல ஐம்பது வயசுத் தோளா? உனக்கு வயசு திரும்புதுடி!" என்று சிரிக்கிறாள்.

வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக் குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஆட்ட வேண்டும், பிறகு சுவரில் விரல்களால் நடந்து மேலே ஏற வேண்டும். "தோளத் தூக்கி, உடம்பச் சாய்ச்சு ஏமாத்தக் கூடாதும்மா" என்று கறாராகச் சொல்லிவிட்டார். நம் வீட்டில் சுவர் ஏது, எங்கும் கதவும் அலமாரியும்தான், அதனால் கூடத்துத் தூணில்தான் ஏறுகிறேன். ஆம், மே மாதம்தோறும் அப்பா உங்கள் இருவரின் உயரத்தையும் கத்தியால் கோடு கீறி வைத்த அந்தத் தூண்தான். உன் நான்கு வயதுக் கோடு, ஐந்து வயதுக் கோடு, எல்லாவற்றையும் விரல் தாண்டி வந்தது. அண்ணன் தோமாவின் கடைசிக் கோட்டில் வந்து நின்றுவிட்டது. என் மூக்கு உயரம்தான் இருக்கும். பத்து வயதுப் பிள்ளை அவ்வளவுதானே வளர்ந்திருப்பான்.

போன வாரம் குசுனோகி என்னைப் படுக்கவைத்துக் கையைத் தூக்கியபோது அது காதோரம் வரை போய்விட்டது. "தோள் வழி விட்டுடுச்சே, வீட்டுல மட்டும் ஏன் ஏறல? இப்ப விட்டா மறுபடி இறுகிடும்மா" என்றார். உன் அண்ணன் காய்ச்சலில் போய் மூன்று வருஷம் கழித்து, அப்பா கத்தியோடு கூப்பிட்டபோது நீ தூணில் சாய்ந்து மெல்ல முழங்காலை மடக்கினாய், ஞாபகம் இருக்கிறதா? உன் கோடு அவன் கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே விழுந்தது. அடுத்த மே மாதம் தூண் பக்கமே வர மாட்டேன் என்று அழுதாய். அவனைத் தாண்ட உனக்கு மனம் வரவில்லை. என் விரலுக்கும் அதேதான் நாகிசா.

நேற்று அப்பா பின்னால் வந்து நின்று என் முழங்கையைத் தாங்கிக்கொண்டார். "அவன் இருந்திருந்தா அங்கேயேவா நின்னிருப்பான்? என்னைவிட உயரமா வளந்திருப்பான். வா, அவன் வளந்த பக்கம் போலாம்" என்றார். போனோம். கோட்டுக்கு மேலே தூண் வழுவழுவென்று ஒன்றுமே இல்லாமல் இருந்தது. தோளும் வலித்தது, எங்கு எது வலிக்கிறது என்றே தெரியாமல் இருவரும் அழுதோம்.

நோய்நொடி அண்டாமல் நீ நூறாண்டு இருக்க வேண்டும் என் கண்ணே. புத்தாண்டுக்கு வருகிறாய் அல்லவா, அப்பா அந்தச் சின்னக் கத்தியைத் தீட்டி வைத்திருக்கிறார். மறக்காதே, இந்த முறை காலை மடக்காமல் நிமிர்ந்து நிற்க வேண்டும்.

உன் உச்சந்தலைக்கு எட்டும் அளவுக்குக் கையைப் பழக்கிக்கொண்டிருக்கும்
அம்மா