துத்தம் தின்ற பூச்செடி

சிவகாசி
20.8.2006

அன்பு மகன் மணிகண்டராஜுக்கு அம்மா எழுதுவது. இங்கே உன் அப்பாவும் நானும் சுகம், வீட்டில் சுகமில்லாமல் கிடப்பது ஒரு செடிதான். நீயும் அந்த இங்கிலாந்துக் குளிரில் சளி இருமல் இல்லாமல் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். செடி என்றதும் உனக்குப் புரிந்திருக்காது, ஆனால் ஆரம்பித்து வைத்தவன் நீதான். போன வருஷம் உன் வாடகை வீட்டு முன்னால் நின்று ஒரு போட்டோ அனுப்பினாயே, பக்கத்தில் முட்டைக்கோஸ் பருமனில் நீலப் பூவாக, போட்டோவுக்குப் பின்னால் ஹைட்ரேஞ்சியா என்று பெயர் எழுதி, நம்ம ஊர் வெயிலுக்கு இது வராதும்மா என்றும் எழுதியிருந்தாய். அந்தக் கடைசி வரியை எழுதாமல் இருந்திருக்கலாம். பட்டாசுக் கம்பெனியைப் பார்க்க மாட்டேன், மருந்து வாசமே வேண்டாம் என்று நீ விமானம் ஏறின நாளிலிருந்து உன் பேச்சையே எடுக்காத உன் அப்பா, நான் போட்டோவை டிவி மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போன நேரத்தில் முன்னும் பின்னும் பார்த்திருக்கிறார்கள். மத்தியானம் சாப்பிடும்போது, அந்த ஊரு மண்ணுல வாரது நம்ம மண்ணுல வராதாமோ என்று ரசத்தைப் பார்த்துக் கேட்டார்கள். ரசம் என்ன பதில் சொல்லும்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னை ஒரு தடவைகூடக் கொடைக்கானலுக்குக் கூட்டிப் போகாத மனுஷர், லோடு வேனை எடுத்துக்கொண்டு செடிக்காகப் போனார்கள். மூன்று தொட்டி வந்தது. மலை இறங்குவதற்குள் பூவெல்லாம் துவண்டு போய், வீட்டுக்கு வந்து சேர்ந்தது வெறும் இலைதான். பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி நிழலில் வைத்து, அதற்கு மேல் சாக்குப் பந்தல் கட்டி, போர் தண்ணீர் உப்பு என்று குடிக்கிற தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினார்கள். குழாயில் வாரத்துக்கு ஒரு நாள்தான் தண்ணீர் வருகிறது, மீதிக்கு வண்டித் தண்ணீர் வாங்குகிறோம், நான் ஒரு சொம்பு கூடுதலாகப் புழங்கினால் ஊருக்கே பஞ்சம் வந்ததுபோல் பேசுகிறவர்கள் இவர்கள். சித்திரை மாதம் உச்சி வெயிலில் கம்பெனியிலிருந்து ஓடி வந்து அதற்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றதை எதிர்வீட்டுப் பொன்னுத்தங்கம் மாடியிலிருந்து பார்த்துவிட்டாள். அண்ணாச்சி நல்லாத்தான இருக்காக மதினி என்று என்னிடம் வந்து கேட்டாள். எனக்கே தெரியலையே தாயி என்று சொன்னேன்.

ஆடியில் ஒரு செடி பூத்தது. பூத்தது ரோஸ் நிறத்தில், கல்யாண வீட்டில் கொடுக்கிற ரோஸ்மில்க் மாதிரி. அதுவும் அழகாகத்தான் இருக்கிறது விடுங்கள் என்றேன். கூடாதாம், போட்டோவில் இருக்கிற மாதிரி நீலம்தான் வரவேண்டுமாம். கம்பெனியில் மருந்து கலக்கும் போர்மேன் நல்லசிவத்தை வீட்டுக்கு வரவழைத்து ஒரு ஆலோசனை. தீபாவளி சீசன், வெளியே லோடு ஏற்ற லாரி நிற்கிறது, இரண்டு பெரிய மனுஷர்கள் தொட்டியைச் சுற்றிக் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். செவப்புக்கு ஸ்ட்ரான்சியம், பச்சைக்கு பேரியம், நீலத்துக்கு மயில்துத்தம், இதுல யோசிக்க என்ன இருக்கு மொதலாளி என்றான் அவன். மதுரை பெரிய டாக்டர் சொன்னதுபோல் இவர்களும் தலையை ஆட்டி, வாணத்துக்கு மருந்து கலப்பது போலவே எடை போட்டு, தண்ணீரில் கரைத்து, மூன்று தொட்டியிலும் ஊற்றினார்கள். ஒரு வாரத்தில் இலையெல்லாம் கருகிச் சுருண்டது. இரண்டு செடி தூரோடு போய்விட்டது. நெருப்புல போட்டாத்தான துத்தம் நீலமா எரியும், செடிய எரிக்கவா வளத்தீக என்று கேட்டேன். நல்லசிவம் அதற்குப் பிறகு நம் வீட்டு வாசல் பக்கம் வருவதில்லை.

நான் சிரித்தேன், வயிறு வலிக்கச் சிரித்தேன். ஆனால் அன்றைக்கு அவர்கள் சோற்றில் கை வைக்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவன் அங்கன என்ன போடுதானாம் என்று கேட்டார்கள். எவன் என்றேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மகனிடம் கேட்க வேண்டியதைப் பெண்டாட்டி வைத்த சோற்றிடம் கேட்கிற ஆண்பிள்ளையை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா. நீ மட்டும் என்ன ஒழுங்கு, அப்பா எப்படி இருக்கிறார் என்று என்னிடம் விசாரிப்பாய், அவர்கள் போனை எடுத்தால் ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிடுவாய். யாரோ ராங் நம்பர் என்று சொல்லிவிட்டு அவர்கள் போனையே பார்த்துக்கொண்டு நிற்பது உனக்கு எங்கே தெரியப் போகிறது.

மிஞ்சின ஒரு செடியை வேரோடு எடுத்துக் கழுவி, புது மண்ணில் வைத்திருக்கிறார்கள். அடியில் நகக்கண் அளவுக்கு ஒரு துளிர் தெரிகிறது. அதை இப்போது எங்கே வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறாய். உன் அறையில். நீ போனதும் பூட்டி, தூசி தட்டக் கேட்டால்கூட எனக்குச் சாவி கொடுக்காத அறை. அந்த வடக்கு ஜன்னல் பக்கம்தான் வெக்கை இல்லையாம், பகல் முழுக்க மின்விசிறி வேறு ஓடுகிறது. நேற்று எட்டிப் பார்த்தேன், உன் கட்டிலில் துவைத்த விரிப்பு விரித்து, தலையணைக்குப் புது உறை போட்டிருக்கிறது. செடிக்குத் தலையணை எதற்கு என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது, கேட்கவில்லை.

வருகிற செப்டம்பர் பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே நான் இருக்கன்குடி கோயிலுக்குக் கிளம்பிவிடுவேன். சாயங்காலம் நீ போன் பண்ணு, எடுப்பதற்கு வீட்டில் அவர்களைத் தவிர ஆள் கிடையாது. மன்னிப்பு என்றோ கம்பெனி என்றோ ஆரம்பிக்காதே. அந்தச் செடிக்கு என்ன போட வேண்டும் என்று மட்டும் சொல், தெரியாவிட்டால் அங்கே யாரிடமாவது கேட்டு வைத்துக்கொள். துத்தம் போட்ட கதையை அவர்களாகவே சொன்னாலும் சொல்வார்கள், அப்போது சிரித்துவிடாதே, உனக்கும் சேர்த்து நானே சிரித்து முடித்துவிட்டேன். தலைக்கு எண்ணெய் வைத்துக் குளி. இருக்கன்குடி மாரியம்மன் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். மறந்துவிடாதே, பத்தாம் தேதி. அவர்கள் ஹலோ என்றதும் போனை வைத்துவிடாதே.

உன் அம்மா,
க. பாலம்மாள்