கட்டவிழ்க்காத சுவடிக்குக் கருத்துரைத்த விடங்கருக்கு

மழை தவறாத மலைகளும் கரை உடையாத ஏரிகளும் உடைய வெண்குன்ற நாட்டின் கோமான், மாற்றாரைப் புறங்கண்ட திருமுடிச் சேந்தனாரின் திருவாய்மொழிப்படி அமைச்சன் கூற்றன் நம்பி எழுதும் ஓலை. கால்நடை மருந்தாய்வுச் சாலையின் தலைவரும், நோய்நூற்கடல், மூலிகை மாமேரு முதலிய பட்டங்களைத் தமக்குத் தாமே சூட்டிக்கொண்டவருமான மாநாகன் விடங்கர் காண்க. உமக்கும் உம் சாலைக்கும் நலம் விளைக. அங்கே உழைப்பவர்களுக்குச் சற்று மிகுதியாகவே விளைக.

உம் ஆய்வாளர் கொற்றி, உமது முத்திரை பெறாமல் தென்கரை ஆயர்களுக்குக் கோமாரி மருந்தைக் கொடுத்துவிட்டாள் என்றும், அவளைச் சாலையினின்று நீக்க வேண்டும் என்றும் நீர் விடுத்த முறையீடு அவையில் படிக்கப்பட்டது. உமது கையால் இத்தனை நீண்ட வாசகம் எழுத இயலும் என்பதை உம் சாலையார் அன்றுதான் அறிந்தார்களாம்.

உசாவினோம். தலைவர் முத்திரை விழாத மருந்து வாசல் தாண்டலாகாது என்பது உம் சாலை வழக்கம். ஆகவே கொற்றி, நாற்பது மாடுகளுக்கு மருந்தூட்டி முப்பத்தேழு பிழைத்த செய்தியைச் சுவடியாக்கி, கட்டி, அரக்கிட்டு, சாலைப்பக்கம் வராத உமது மாளிகைக்கு அனுப்பினாள். ஒரு திங்கள் கழித்துச் சுவடி திரும்பியது. கூடவே 'பார்த்தேன்' என்று ஓர் ஓலைநறுக்கு. மீண்டும் அனுப்பியதற்கு 'இன்னும் ஆழம் வேண்டும்' என்று வந்தது. எங்கே ஆழம் வேண்டும் என்று பணிந்து கேட்டதற்கு 'ம்' என்று வந்தது. அந்த 'ம்' இசைவா சினமா என்று பதினோர் ஆய்வாளர் அடுப்பை அணைத்துவிட்டு இரண்டு நாள் வாதிட்டிருக்கின்றனர். உம்மிடம் பன்னிரண்டு ஆண்டு பட்ட அழிசி என்பவன், தலைவர் உண்ணும்போது தூதன் போயிருப்பான், அதற்குமேல் பொருளில்லை என்றானாம். அங்கே மெய்யான ஆராய்ச்சியாளன் அவனே என்று மன்னர் அருளினார்.

பின்னொருநாள் உடனே வருக, அவசரம் என்று எழுதினீர். கொதிக்கும் கஷாயத்தை அப்படியே விட்டு இரண்டு காதம் ஓடிவந்தவளிடம், எதற்கு அழைத்தோம் என்பது நினைவில்லை என்றீர். கஷாயம் கரிந்தது. கரிந்ததற்குக் காரணம் கேட்டு நீர் விடுத்த ஓலை மட்டும் அன்றைக்கே வந்து சேர்ந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். அந்தப் பூசாரியாவது கோயிலில் நிற்பான்.

ஏழாம் முறை திரும்பிய சுவடியை அவைக்கு வரவழைத்தோம். அரக்கு உடையவில்லை, நூல் அவிழவில்லை. மேலேட்டில் உமது கை: 'முன்னதைவிட நன்றாக வந்திருக்கிறது. முடிவைத் திருத்துக. என் பெயரை முதலில் இடுக.' மன்னர் தம் கையாலேயே கட்டை அவிழ்த்தார். அறுபது ஏடும் வெற்றேடு.

ஆறு முறையும் அரக்கு உடையாமலே திரும்பியதால் மனம் வெறுத்து வெற்றேட்டை அனுப்பியதாகவும், அதற்கும் திருத்தம் வந்த அன்றே மருந்துப் பானையைத் தூக்கிக்கொண்டு தென்கரைக்குப் போய்விட்டதாகவும் கொற்றி சொன்னாள். அவை சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, விடங்கரே. சுவடி போய்வந்துகொண்டிருந்த எட்டுத் திங்களில் தென்கரையில் மாண்ட மாடுகள் ஐந்நூற்றுக்கு மேல்.

ஆகவே அறிக. கொற்றி இன்றுமுதல் சாலைத் தலைவி. மருந்துச் சுவடியில் அவள் பெயரும் அவளோடு அடுப்பெரித்தவர் பெயருமே நிற்கும். உம் முத்திரையை இவ்வோலை கொணரும் தூதனிடம் ஒப்படைப்பீராக. நீர் இதைச் சாலையார் முன் முதல் எழுத்திலிருந்து உரக்கப் படித்து முடிக்கும்வரை அவன் அகலான். உமது வாசிப்பில் எமக்குள்ள நம்பிக்கை அவ்வளவே.

பின்னர்த் தென்கரையிலுள்ள கருவனூர் செல்வீராக. அங்கே பேயத்தி என்னும் ஆய்மகள் ஒன்பது பசுக்களையும் ஒரே வாரத்தில் பறிகொடுத்தாள். மருந்து இருந்ததாமே, அத்தனை நாளும் எங்கே இருந்தது என்று வருவோர் போவோரையெல்லாம் கேட்கிறாள். என் இருக்கைக்குப் பக்கத்தில் இருந்தது, நான் பிரிக்கவில்லை என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லும். சொன்ன பிறகே தலைநகரின் வாயில் உமக்குத் திறக்கும்.

மன்னர் ஆணை இது, மறுமொழி வேண்டா. களிற்று முத்திரை இட்டோம். கூற்றன் நம்பி கை.