வாரண்டியில் பேய் சேராது

அன்புள்ள தவத் அண்ணாவுக்கு,

நீ தைவானில் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு நாங்கள் இங்கே இருக்கிறோம். அம்மா மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டே சொல்லச் சொல்ல நான், உன் தங்கை பிகுன், எழுதுகிறேன். இடையில் என் பேச்சும் வரும், பொறுத்துக்கொள்.

முதலில் நான் பார்த்தது காய்ந்த மண்ணைத்தான். போன வாரம் மத்தியான மழை விட்டதும் முற்றத்துக்கு இறங்கினேன். வண்டிக்கு அடியில்தானே மண் நனையாமல் இருக்க வேண்டும், ஆனால் அந்தக் காய்ந்த இடம் வண்டிக்குப் பின்னால் ஒரு முழம் வெளியே தெரிந்தது. வண்டி அப்பாவின் மூங்கில் கட்டில் பக்கமாக வந்திருந்தது. கண்ணாடியெல்லாம் ஏற்றித்தான் இருந்தது, உள்ளே தொங்கும் மாலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. சாவி அம்மாவின் இடுப்பில் இருந்தது.

நீ அங்கே உழைத்து வாங்கித் தந்த வண்டி, புத்த பிக்கு ஆசீர்வதித்து அதன் உள்கூரையில் வைத்த வெள்ளைப் பொட்டுகூட இன்னும் அழியவில்லை, அதற்குள் கம்பெனியில் மூன்று முறை கியர்பாக்ஸைப் பிரித்துவிட்டார்கள். ரோட்டில் போகும்போது உடம்பு நடுங்குகிற மாதிரி நடுங்கும், என்ஜின் மட்டும் கத்தும், வண்டி நகராது, பிறகு ஒரேயடியாகப் பாயும். அவர்களிடம் விட்டால் சாதுவாக இருக்கிறதாம், கோளாறு இல்லை என்று திருப்பித் தருகிறார்கள். இந்த முறை தானாக நகர்கிறது என்று அம்மா சொன்னதற்கு, கைப்பிரேக் போட்டிருக்க மாட்டீர்கள், அது உங்கள் தப்பு, வாரண்டி கிடையாது என்றார்கள். போட்டேன் என்று அப்பா சத்தியம் செய்தார். கம்பெனி அதிகாரி சிரித்துக்கொண்டே, "பேய் இருந்தா பிக்குகிட்டக் கூட்டிட்டுப் போங்கம்மா. வாரண்டியில பேய் சேராது" என்றார். யார் பார்த்தது என்றும் கேட்டார். நான்தானே பார்த்தேன், ஆனால் வாய் வரவில்லை அண்ணா, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். நுகர்வோர் அலுவலகத்து அக்கா நல்லவர், புகாரை வாங்கிக்கொண்டார், ஆனால் நகர்வதைக் காட்டினால்தான் வேறு வண்டி கேட்டு வாதாட முடியும் என்கிறார்.

வண்டியைக் காக்கும் மே யா நாங் தாய்க்குக் கோபம் என்கிறாள் அம்மா. ஒர்க்‌ஷாப் ஆட்கள் கும்பிடாமல் உள்ளே காலை வைத்தார்களாம். தினமும் வாழைப்பழமும் சிவப்பு சோடாவும் படைக்கிறாள். சக்கரத்துக்குக் கல் கொடுக்கலாம் என்றேன். "அவ காலக் கட்டுறதுக்கு நீ யாருடி" என்று திட்டினாள். சித்தப்பா வந்து, தவத்துக்குப் பெண் பார்க்க வேண்டாம், மருமகள் தானாகவே வீட்டுக்குள் வந்துகொண்டிருக்கிறாள் என்று கிண்டல் செய்தார். அம்மா சிரிக்கவில்லை. அப்பாவுக்குக் கால் புண் ஆறாததால் படியேற முடியவில்லை, வீட்டுக்கு அடியில், தூண்களுக்கு நடுவே, அந்தக் கட்டிலில்தான் படுக்கிறார். கட்டிலை நகர்த்தலாம் என்றால், இங்கேதான் காற்று வருகிறது, வண்டி என்னைத் தின்றுவிடுமா என்கிறார்.

நீ வண்டிக் கம்பெனிக்கு ஒரு போன் போட்டுப் பேச வேண்டுமாம். குளிர் நாளில் தலைக்குத் துணி கட்டிக்கொள்ள வேண்டுமாம். நீ செய்த புண்ணியமெல்லாம் உன்னைச் சுற்றி நின்று காக்கட்டும் என்று அம்மாவும் அப்பாவும் ஆசீர்வதிக்கிறார்கள். கையுறை போடாமல் மெஷினைத் தொடாதே, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா பூன்ருவன்
எழுதியவள் பிகுன்

அண்ணா, உறையில் போடும் முன் இதையும் எழுதிவிடுகிறேன். கையெழுத்துக்குக் கீழே கோடு போட்டுவிட்டு ஜன்னல் வழியே பார்த்தேன். வண்டிக்குள் மாலை மறுபடியும் ஆடிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் அப்பாவைத் தோளைப் பிடித்து எழுப்பி ஓரமாக உட்கார வைத்தேன். வண்டியைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். மிளகாய் இடிக்கும் கல் உரலை முன் சக்கரத்துக்கு அடியில் உருட்டிவிட்டேன். சக்கரம் மெல்ல வந்து அதில் ஏறப் பார்த்தது. நான் போனை எடுத்து அதை வீடியோ பிடித்துக்கொண்டே, என் பெயரையும் வண்டி எண்ணையும் தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னேன்.