பஸ் ஸ்டாண்டு பிளக்ஸ்

ஸ்ரீவில்லிபுத்தூர்
6.2.2024

அன்பு வல்லிக்கு,

நூரு எழுதுகிறேன். நீயும் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். போன் போட்டால் உன் மேனேஜர் வேங்கடேசன்தான் எடுக்கிறார்; அதனால்தான் கடிதம்.

உங்கள் குடும்ப அறக்கட்டளையின் டயாலிசிஸ் சென்டரில்தான் எட்டு மாதமாக என் வீட்டுக்காரருக்கு ரத்தம் சுத்தம் செய்கிறார்கள். ஒரு பைசா வாங்கவில்லை. தொழுகையில் உன்னை நினைக்காத நாளில்லை.

ஆனால் எங்கள் பஸ் ஸ்டாண்டு வாசலில் பிளக்ஸ் வைத்திருக்கிறீர்கள். அதில் அவர் சட்டையில்லாமல், வாய் பிளந்து, கையில் குழாயோடு கிடக்கிறார். பக்கத்தில் நீ பட்டுப்புடவையில் சிரிக்கிறாய். அந்த பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருபது வருஷம் ரெடிமேட் கடை வைத்திருந்தவர், வல்லி. இஸ்திரி போட்ட சட்டை இல்லாமல் வாசலில்கூட நிற்க மாட்டார். இப்போது வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கும் போவதில்லை. அதை எடுக்கச் சொல்லேன்.

உன் பள்ளித் தோழி,
நூரு

*

ராஜபாளையம்
14.2.2024

நூருவுக்கு,

உன் கடிதம் சங்கடமாக இருந்தது. நாற்பது பேருக்குச் செய்கிறோம். குறை சொன்னது நீ ஒருத்திதான். அதுவும், கூடப் படித்தவள் என்று வரிசையில் உனக்கு முன்னால் இடம் கொடுத்த பிறகு.

நோயாளியின் முகத்தைப் பார்த்தால்தான் வெளியூர்க்காரர்கள் மெஷின் வாங்க நன்கொடை தருகிறார்கள். உன் மகன் ஃபயாஸ் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறான். ஏப்ரலில் மாமியாரின் நினைவு நாளுக்கு நன்கொடையாளர்கள் வருகிறார்கள். அதுவரை பிளக்ஸ் இருக்கும்.

அண்ணனைப் பார்த்துக்கொள்.

அரவிந்தவல்லி

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
20.2.2024

வல்லி,

ஃபயாஸ் கையில் கொடுத்தனுப்புகிறேன். "படிச்செல்லாம் பாக்க வேண்டாம் தம்பி, போட்டாத்தான் பெட்டு" என்றுதான் உன் மேனேஜர் அவனிடம் கையெழுத்து வாங்கினாராம். வரிசையில் எங்களை முன்னால் விட்டது இப்போதுதான் தெரிகிறது. யாரைப் பின்னால் தள்ளினாய்?

இன்று ஆட்டோ வந்து நின்றது. அவர் ஏறவில்லை.

"நான் வரல நூரு. அந்தப் படத்துல கெடக்கவன் செத்தவன் மாதிரி இருக்கான். அவனுக்கு எதுக்கு டயாலிசிஸ்?"

கால் வீங்கிவிட்டது. மூச்சு இழுக்கிறது. ஏப்ரல் வரை இவர் இருப்பாரா என்று நீயே சொல்.

நூர்னிசா

*

ராஜபாளையம்
21.2.2024

நூர்னிசாவுக்கு,

உன் கடிதத்தை என் வீட்டுக்காரரும் படித்தார். "இதுக்குத்தான் தெரிஞ்சவியளுக்குச் செய்யக் கூடாதுங்கது" என்றார்.

தொடர்ந்து இரண்டு முறை வராதவரின் இடம் அடுத்தவருக்குப் போகும். அது விதி. நாளை வியாழக்கிழமை வரவில்லையென்றால் என்னிடம் வந்து நிற்காதே. நாளை டயாலிசிஸுக்கு வந்தால், இப்படி எழுதியதற்கு வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் எழுதிக் கொண்டுவா.

அரவிந்தவல்லி
தலைவர்

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
4.3.2024

அறக்கட்டளைத் தலைவர் அவர்களுக்கு,

வியாழக்கிழமை நாங்கள் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கேயென்றதும் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஐந்து மணி நேரம் காத்திருந்தோம். இவ்வளவு வீங்கும்வரை என்ன செய்தீர்கள் என்று டாக்டரம்மா திட்டிவிட்டுத்தான் பெட் கொடுத்தார். வாரம் மூன்று முறை வேண்டும். அங்கே இரண்டு முறைதான் கிடைக்கிறது. அது போதாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மறுநாள் பகல் பதினொரு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் ஏணி வைத்து நான்தான் ஏறினேன். "ஏட்டி, பாத்து! விழுந்திராத!" என்று பூக்கார வெங்கடேஸ்வரி கீழே பிடித்துக்கொண்டாள். பிளேடால் அவரை மட்டும் வெட்டி எடுத்தேன். உங்களைத் தொடவில்லை. நீங்கள் இப்போது ஓட்டைக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

போலீசில் புகார் கொடுக்கப்போவதாக வேங்கடேசன் வந்து சொன்னார். கொடுங்கள். நான் வீட்டில்தான் இருப்பேன்.

அவருடைய பெட்டில் இப்போது சுந்தரபாண்டியம் ஊர்க்காரர் இசக்கிமுத்து இருக்கிறாராம். அவர் மனைவி என்னைத் தேடி வந்தாள். நாளைக்குப் போட்டோ எடுக்கிறார்களாம். "வேண்டாம்னா பெட்டு போயிருமாக்கா?" என்று கேட்டாள். உங்களிடமே கேட்கச் சொன்னேன். வருவாள்.

நூர்னிசா
சாகுல் ஹமீது மனைவி