விசிறி என் கிடங்கில்

1929 பிப்ரவரி 11, திங்கள்

காலையில் ஆற்றின் மேல் பனி. எட்டு மணிக்கே வெயில். அலோன் கரையில் என் அரிசிக் கிடங்கில் இன்று: கப்பல் அரிசி அடுக்குதல், சாக்கு நூல், தராசுக்கு எண்ணெய்.

தங்கை அலமேலுவின் புருஷன் தங்கவேலு வந்தார். அரிசி ஆலையில் எஞ்சின் பார்ப்பவர். அக்கரையில், டல்லா வயலில் கொட்டகை போட்டு, மோட்டார் சைக்கிள் எஞ்சின் வைத்துத் தானே கட்டிய விமானம் அவருடையது. அறுப்பு முடிந்ததிலிருந்து பத்துத் தடவை எழும்பி இறங்கிவிட்டார். இப்போது மூன்று மாற்றம் செய்ய வேண்டுமாம். இறக்கையை இரு பக்கமும் ஒன்றரை முழம் நீட்டுவது. பின்னால் இன்னோர் இருக்கை. பெட்ரோல் தொட்டியை இடம் மாற்றுவது.

மூன்றையும் சேர்த்தே செய்யப் பார்த்தார். ஒவ்வொன்றாக, என்றேன். சேர்த்து மாற்றிக் கோளாறு வந்தால் எதனால் என்று எப்படித் தெரியும்?

"மழைக்கு முன்னால முடிக்கணும் மச்சான்."

"மழை அடுத்த வருஷமும்தான் வரும், மாப்பிள்ளை."

விமானத்தை இழுக்கும் முன்விசிறியைக் கழற்றி வாங்கிக் கிடங்கில் வைத்துப் பூட்டிவிட்டேன். சோதனை முடிந்தால்தான் வெளியே வரும். மாப்பிள்ளைக்குக் கோபம். டீ குடிக்காமல் போனார்.

இங்கே ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. அந்த இரண்டாவது இருக்கை எனக்கு. கேட்டவனும் நானே. மூட்டை தூக்கிப் பிழைத்த இந்தக் கரையை ஒரு முறை மேலேயிருந்து பார்க்க ஆசை. மாப்பிள்ளைக்கு ஏதாவது ஆனால் அலமேலு முகத்தில் விழிக்க முடியாது.

பிப். 13, புதன்

வெயில் கடுமை. அலமேலு மத்தியானம் மீன் குழம்பு கொண்டுவந்தாள். இறக்கைத் துணி முழுக்க அவள் கையால் தைத்தது.

"துணி கிழியாதுண்ணே, அதுக்கு நான் பொறுப்பு. உள்ள இருக்கற மரத்துக்கு நான் பொறுப்பில்ல."

"போக வேணாம்னு சொல்லிப் பாத்தியா?"

"சொன்னா கேக்கற ஆளா? விசிறிய மட்டும் குடுத்துராதீங்க."

இந்த ஊர்க்காரரான தச்சர் ஊ டுன், நீட்டின இறக்கையை ஒட்டி முடித்துவிட்டார். நாளை சோதனை. விமானத்தைக் கவிழ்த்து நிறுத்தி, இறக்கையின் அடிப்பக்கத்தில் அரை மூட்டை அரிசியாக அடுக்க வேண்டும். பக்கத்துக்குப் பன்னிரண்டு. பறக்கும்போது காற்று அடியிலிருந்து தள்ளுவதைப்போல நாலு மடங்கு பாரம். கீழே யாரும் குனியக் கூடாது. கிடங்கு மேஸ்திரி மாரிமுத்துவிடம் சொன்னேன்: இருபத்து நாலு அரை மூட்டை கட்டி, அடுக்க ஆளும் சேர்த்து டல்லாவுக்கு அனுப்பு.

பிப். 14, வியாழன்

கப்பல் ஒரு நாள் முந்தி வந்துவிட்டது. நாள் முழுக்கத் துறைமுகம். டல்லா போக முடியவில்லை. மா. 5 மணிக்கு மாப்பிள்ளை சம்பான் படகில் நின்றபடியே கத்தினார்:

"தாங்கிருச்சு மச்சான்! இருபத்து நாலும்! ஒரு முனகல் இல்ல!"

படகுக்காரன் அவரை உட்காரச் சொல்லிக் கத்தினான். மனசுக்கு நிம்மதி. இரண்டு வாழைப்பழம். தூக்கம் வந்தது.

பிப். 15, வெள்ளி

விசிறியை மாரிமுத்து தோளில் வைத்துக் காலையில் டல்லா. கொட்டகை வாசலில் அரை மூட்டைகள் குவியலாக. அலமேலு டீ கொடுத்தாள். குவியல் மேல் உட்கார்ந்தேன். அமுங்கியது.

பத்து வருஷம் முதுகில் சுமந்தவன் நான். அரிசி மூட்டை இப்படி அமுங்காது. ஒன்றைக் காலால் தள்ளினேன், நகர்ந்து போனது. நூலைப் பிரித்தால் தவிடு.

"என்னடா இது?"

மாரிமுத்து பயப்படவே இல்லை. "கப்பலுக்குத் தைச்சு முடிச்ச மூட்டையப் பிரிக்க மனசு வரல முதலாளி. மூட்டைன்னா மூட்டைதானே? நல்ல அரிசியக் கொண்டுபோயி அந்த ஓட்டை வண்டி மேல போடுவாங்களா?"

"ஓட்டை வண்டியா?" என்று மாப்பிள்ளை பாய்ந்தார்.

எனக்காக மிச்சம் பிடித்திருக்கிறான். பாரத்துக்காகத்தான் மூட்டை என்று நான் சொல்லவில்லை, அனுப்பு என்று மட்டும் சொன்னேன். எடை போட்டும் அனுப்பச் சொல்லவில்லை. நானும் ஒரு அரிசி வியாபாரி!

விசிறி திரும்பவும் சம்பானில். "தாங்கும் மச்சான், எனக்குத் தெரியும்" என்றார் மாப்பிள்ளை. எனக்குத் தெரியவில்லை, என்றேன்.

பிப். 16, சனி

காற்றில்லை. என் கண் முன்னால் எடை போட்ட அரிசி. வலது ஒன்று, இடது ஒன்று என்று மாற்றி மாற்றி வைத்தோம். ஆறு. ஏழு. எட்டு. இடப்பக்கம் ஒன்பதாவது வைத்ததும் 'டப்'. பெரிய சத்தம்கூட இல்லை, விறகு ஒடிவது போல. இறக்கை முனை தொங்கியது. பழைய மரமும் புது மரமும் சேரும் இடம். துணி கிழியவில்லை.

ஊ டுன் விரலை வைத்துக் காட்டினார். "ஒட்டு சின்னது. நீளமா வேணும்." ஒரு சாண் ஒட்டு இருந்தது. ஒரு முழம் வேண்டுமாம்.

மாப்பிள்ளை மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினார், யாரையும் தொட விடாமல். பிறகு, "நேத்தே விசிறிய மாட்டியிருந்தா..." என்றார். அலமேலு டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

பிப். 23, சனி

புது ஒட்டு, இரு பக்கமும். அரிசி இருபத்து நாலும் ஏற்றி மத்தியானம் வரை விட்டோம். நூல் கட்டி அளந்ததில் முனை நாலு விரல் தாழ்ந்தது. இறக்கியதும் பழைய இடத்துக்கு வந்தது. விசிறியைக் கொடுத்தேன்.

ஊறுகாய் ஜாடியில் பூஞ்சை. புது எலுமிச்சை வாங்க.

பிப். 24, ஞாயிறு

காலை 6. புகை நேராக மேலே போகிற மாதிரி அமைதி. முதலில் தரையில் மட்டும் ஓட்டினார், மூன்று தடவை. பிறகு இரண்டு பனை உயரம், நேராக, வயல் கோடி வரை. இறங்கி வந்தவர் சிரித்துக்கொண்டே இருந்தார். கறவை மாடுகள் இரண்டு ஓடிவிட்டன. அலமேலு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பிப். 27, புதன்

மேகம். மழையில்லை. கிடங்கில் எலி.

மா. 4 மணிக்கு மாப்பிள்ளையும் அலமேலுவும். மாப்பிள்ளை தோளில் சாக்குச் சுற்றி ஏதோ. பிரித்தால் விசிறி.

"என்ன மாப்பிள்ளை, நான் கேக்கவே இல்லையே?"

"ரெண்டாவது சீட்டு போட்டுட்டேன் மச்சான். சோதிக்கற வரைக்கும் இது இங்க இருக்கட்டும். தராசுல ஏறுங்க."

"யாரு, நானா?"

"உங்க எடைக்கு ஒரு மூட்டை. அத வச்சுத்தான் முதல்ல பறப்பேன்."

மாரிமுத்து எடைக்கல் வைத்தான். இன்னொன்று வைத்தான். மறுபடியும் ஒன்று. "சீட்டு பத்தாதுண்ணே" என்றாள் அலமேலு. கூலியாட்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

என் கனத்துக்கு ஒரு மூட்டை. கையை விட்டு அடிவரை பார்த்தேன், அரிசிதான். சாக்கின் வாயை நானே தைத்தேன்.