இரவல் குடங்கள்

வைகாசி 9, வெள்ளி

எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை. ஆட்டுக்குத் தழை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜீயபுரத்தில் இருந்து பெண் வீட்டார் வருகிறார்கள், பேரன் சரவணனுக்குப் பெண் கொடுக்குமுன் எங்கள் வீட்டைப் பார்க்க. அவனுக்குப் பொன்மலையில் வேலை, வாரம் ஒரு நாள்தான் வீடு. முன்னால் வந்த இரண்டு இடமும் இங்கே தண்ணீர்க் கஷ்டம் என்று தெரிந்ததும் நின்று போனது. இவர்களோ காவிரிக் கரை. வாழைக்குப் பாய்கிற தண்ணீரில் கால் நனைத்து வளர்ந்தவர்கள்.

வாங்க: வெற்றிலை, பழம், சர்க்கரை, மைசூர்பாகு. மருங்காபுரிக்குக் காலையில் ஒரு பஸ், சாயந்திரம் ஒரு பஸ். விட்டால் நடைதான்.

திருச்சி காலேஜ் டீச்சர் ஒருவர், கழுத்தில் சிலுவைச் சங்கிலி, வீடு வீடாகக் கேட்டு எழுதுகிறார். எத்தனை பேர், என்ன வெள்ளாமை, யார் திருப்பூருக்குப் போனது, தண்ணீர் எங்கே. யூனியன் ஆபீசுக்குப் போகுமாம். அதைப் பார்த்துத்தான் காவிரிக் குழாய் எந்த ஊருக்கு என்று முடிவு செய்வார்களாம். எங்கள் தெருவுக்கு ஞாயிறு.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாலும் ஒருவர் நோட்டோடு வந்தார். அன்றைக்கு எதிர் வீட்டு அ. மகனுக்குப் பெண் வீட்டார் வந்திருந்தார்கள். வாசலில் ஊர்க் குடமெல்லாம் நிறைத்து வரிசை. இங்கே அதுதான் வழக்கம், பெண் கொடுக்க வருகிறவர் கண்ணில் தண்ணீர் பட வேண்டும். “தண்ணிக்கு என்னங்க குறை, நீங்களே பாத்துக்குங்க” என்றாள் அ. அவர் அப்படியே எழுதிக்கொண்டு போனார். பக்கத்து ஊருக்குக் குழாய் வந்தது, எங்களுக்கு இல்லை. அன்றோடு அவளிடம் பேச்சை விட்டேன். பேரை முழுசாக எழுதக்கூட மாட்டேன்.

வைகாசி 10, சனி

மைசூர்பாகு கிடைத்தது. பாதி உடைசல்.

காலையில் இருந்து தெருக்காரர்கள் நிறைத்த குடங்கள் வருகின்றன. அடிபம்பில் உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் என்றால் காய்ந்த ஏரிக்குள் தோண்டிய ஊற்றுக்குழிதான், கொட்டாங்கச்சியால் கோர வேண்டும். ஒரு குடத்துக்கு அரை மணி.

கழுத்தில் ஈயம் பூசிய பித்தளைக் குடம் ஒன்றும் வந்தது. அ. வீட்டுக் குடம். எந்தத் திருவிழாவில் நசுங்கியது என்பது உட்பட எனக்குத் தெரியும். திருப்பி அனுப்பச் சொன்னேன். மருமகள் வளர்மதி கேட்கவில்லை.

“சும்மா இருங்க அத்தை. ஒரு குடம் கூடுனா ஒரு குடம் கௌரவம்.”

விட்டுவிட்டேன். அன்றைக்கு அ. வாசல் வரிசையில் என் குடமும் இரண்டு நின்றது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

வைகாசி 11, ஞாயிறு

காற்று இல்லை. பத்து மணிக்கு வேனில் வந்தார்கள், ஐந்து பேர். பெண்ணும் வந்திருந்தது. கறுப்பு, களையான முகம், பெயர் தேன்மொழி. குடவரிசையைப் பார்த்து அதன் அப்பாவுக்கு முகம் தெளிந்தது. செம்பில் தண்ணீர் கொடுத்தோம்.

மைசூர்பாகைக் கையில் எடுக்கும் நேரம் டீச்சர் வாசலில். எல்லாம் கேட்டு எழுதிவிட்டுக் கடைசியில், “தண்ணி எப்படிங்க பாட்டி?”

வளர்மதி என்னைப் பார்த்தாள். எதிர் வீட்டு வாசலில் அ. நின்றாள். அவள் அன்று சொன்னது அப்படியே என் நாக்கு நுனிக்கு வந்தது. சொல்லவும் இருந்தேன்.

“இந்தக் குடம் ஒண்ணும் எங்களுது இல்லைங்க” என்றேன். ஒவ்வொன்றாகக் காட்டினேன். யாருடையது, யார் எத்தனை மணிக்கு ஏரிக்குப் போனார்கள், யார் பிள்ளைக்குப் பாலாற்றி வைத்துவிட்டுப் போனாள். “அந்தப் பித்தளை அஞ்சலை குடம். மூட்டு வலியோட குழிக்குள்ள இறங்கி மொண்டது. எழுதிக்குங்க.”

டீச்சர் எழுதினார். பெண்ணின் அப்பா செம்பைக் கீழே வைத்தார். கலந்து பேசிச் சொல்கிறோம் என்று கிளம்பினார்கள். வளர்மதி அடுப்படியில் அழுதாள். சரவணன் சாயந்திர பஸ்ஸுக்குப் போனான். எதிர் வாசலில் யாரும் இல்லை.

வைகாசி 14, புதன்

லாரி வந்தது. ஆறு குடம். மைசூர்பாகு மிச்சம் எறும்புக்கு.

வளர்மதி மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. சரவணன் கல்யாணத்தை நானே கெடுத்துவிட்டேனோ.

வைகாசி 17, சனி

லேசாக மேகம். சரவணன் வந்திருந்தான். பதினோரு மணிக்கு ஜீயபுரத்தில் இருந்து போன், பெண்ணின் அப்பா. சத்தமாக வைக்கச் சொன்னேன்.

“பொண்ணு சம்மதம்ங்குறா. ஒண்ணு மட்டும் கேக்கச் சொன்னா. கொழாய் வர்ற வரைக்கும் தண்ணிக்கு மாப்பிள்ளை போவாரா, இவ போவணுமா?”

“நானே போறேங்க” என்றான் சரவணன். வாரம் பூராவும் பொன்மலையில் கிடக்கிறவன். தேதி போட்டு எழுதிவிட்டேன், மறக்க மாட்டேன்.

வளர்மதி தானாக வந்து காபி கொடுத்தாள். மத்தியானம் இரண்டு பேர் டேப் பிடித்துத் தெருவை அளந்து, எங்கள் சுவரில் சுண்ணாம்பால் கோடு போட்டார்கள். குழாய் வரும் வரை நம்ப மாட்டேன். கோடு மட்டும் இருக்கிறது.

பித்தளைக் குடம் இன்னும் எங்கள் வீட்டில். வெறுங்குடமாகத் திருப்பக் கூடாது. ஏரிக்குப் போய் நானே கோரி நிறைத்து, நானே தூக்கிப் போனேன். அஞ்சலை வாசலில் இருந்தாள்.

“தளும்புது. பாத்து எறக்கு.”

இறக்கினேன். பதில் நாளைக்குச் சொன்னால் போதும்.